அமெரிக்க வானொலிப் பொற்காலத்தின் சனியும் ஞாயிறும்

அமெரிக்க வானொலியின் பொற்காலத்தில் வார இறுதி நாட்களில் மக்கள் எந்த நிகழ்ச்சிகளை விரும்பிக் கேட்டார்கள், அவை வார நாட்களின் நிகழ்ச்சிகளிலிருந்து எவ்வாறு வேறுபட்டன என்பது கேள்வி. 1920களின் பிற்பகுதியிலிருந்து 1950களின் முற்பகுதி வரையிலான காலத்தையே பொற்காலம் என்று இங்கே எடுத்துக்கொள்கிறேன். புகழ்பெற்ற நிகழ்ச்சிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டால் கேள்விக்குப் பதில் கிடைத்தது போலத் தோன்றும். ஆனால் அந்தப் பெயர்கள் ஏன் அந்தந்த நாளில், அந்தந்த நேரத்தில் அமைந்தன என்பது அதில் தெரியாது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அடுத்தடுத்த விடுமுறை நாட்களாக இருந்தாலும், வானொலியைப் பொறுத்தவரை அவை முற்றிலும் வேறுபட்ட இரண்டு உலகங்கள். யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் வெளியே போயிருக்கிறார்கள் என்ற ஒரே கணக்கிலிருந்துதான் அந்த வேறுபாடு பிறந்தது.

முதலில் அமைப்பைச் சற்றுப் புரிந்துகொள்ள வேண்டும். என்.பி.சி. 1926-லும் சி.பி.எஸ். 1927-லும் மியூச்சுவல் 1934-லும் நாடு தழுவிய ஒலிபரப்பு வலையமைப்புகளாகத் தொடங்கின. என்.பி.சி.யிடம் சிவப்பு, நீலம் என்று இரண்டு வலையமைப்புகள் இருந்தன. அவற்றில் நீலம் 1943-ல் விற்கப்பட்டுப் பின்னர் ஏ.பி.சி. ஆனது. 1930-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு நாற்பது வீடுகளில் வானொலிப் பெட்டி இருந்தது. 1940-ல் அது எண்பதைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான மாலை நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர்கள் வலையமைப்பினர் அல்லர். விளம்பரதாரர் நேரத்தை வாங்குவார். அவருடைய விளம்பர முகமை நடிகரையும் எழுத்தாளரையும் இசைக்குழுவையும் அமர்த்தும். வார நாட்களின் பகலில் வீட்டிலிருந்த பெண்களை எண்ணிச் சோப்பு நிறுவனங்கள் பதினைந்து நிமிடத் தொடர்களை நடத்தின. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்காக மாலை ஐந்து மணியை ஒட்டிச் சாகசத் தொடர்கள் வந்தன. திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் நீளும் இந்தக் கதைகள் வார இறுதியில் நின்றுவிடும். ஆகவே சனி, ஞாயிறுகளில் வந்தவை பெரும்பாலும் அரை மணியோ ஒரு மணியோ நீண்டு, அன்றைக்கே முடிந்துவிடும் நிகழ்ச்சிகளாக இருந்தன. அந்த நாட்களின் தனிச்சுவைக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

சனிக்கிழமை இரவு நகரத்து மக்கள் திரையரங்குக்கும் நடன அரங்குக்கும் போய்விடுவார்கள் என்பதால், பெரிய நகைச்சுவைக் கலைஞர்களுக்குப் பணம் செலவிட்ட விளம்பரதாரர்கள் அந்த இரவை அவ்வளவாக நாடவில்லை. நகரத்துக்கு வெறுமையாகத் தெரிந்த அந்த இரவு, வாரம் முழுவதும் வயலில் உழைத்த குடியானவருக்கு ஓய்வின் இரவாக இருந்தது. சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையம் இதை முதலில் உணர்ந்துகொண்டது. அஞ்சல்வழி விற்பனையில் பெயர்பெற்ற சியர்ஸ் ரோபக் நிறுவனம் தொடங்கிய அந்த நிலையம், 1924 ஏப்ரல் 19 சனிக்கிழமையன்று 'நேஷனல் பார்ன் டான்ஸ்' நிகழ்ச்சியை ஒலிபரப்பத் தொடங்கியது. தானியக் கொட்டகையில் ஊர்மக்கள் கூடிப் பிடில் வாசித்து ஆடும் வழக்கத்தை வானொலிக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சி அது. 1928-ல் 'ப்ரெய்ரி ஃபார்மர்' என்ற வேளாண்மை இதழ் அந்த நிலையத்தை வாங்கிக்கொண்டது. 1933-ல் நிகழ்ச்சியின் ஒரு பகுதி அல்கா செல்ட்சர் மாத்திரையின் விளம்பரத்துடன் என்.பி.சி. வழியாக நாடெங்கும் போனது.

அங்கே அறிவிப்பாளராக இருந்த ஜார்ஜ் டி. ஹே, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஒரு காப்பீட்டு நிறுவனம் நடத்திய டபிள்யூ.எஸ்.எம். நிலையத்துக்கு வந்து, 1925 நவம்பர் 28 அன்று அதே வகையான நிகழ்ச்சியைத் தொடங்கினார். முதல் இரவில் வாசித்தவர் அங்கிள் ஜிம்மி தாம்ப்சன் என்ற முதிய பிடில் கலைஞர். 1927-ல் ஓர் இரவு, என்.பி.சி.யிலிருந்து வால்டர் டாம்ராஷ் வழங்கிய செவ்வியல் இசை நிகழ்ச்சி முடிந்த கையோடு இவர்கள் நிகழ்ச்சி தொடங்கியபோது, இதுவரை நீங்கள் கேட்டது 'கிராண்ட் ஆப்ரா' (மேலைச் செவ்வியல் இசைநாடகம்), இனிக் கேட்கப்போவது 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற பொருளில் ஹே சொன்னார். நாட்டுப்புற உச்சரிப்பில் அவர் சொன்ன அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அன்று முதலில் வாசித்தவர் டிஃபோர்ட் பெய்லி. ரயிலின் ஓட்டத்தை ஹார்மோனிகாவில் எழுப்பிக் காட்டிய கறுப்பினக் கலைஞரான அவர், அந்த மேடையின் தொடக்க காலத்தில் மிக அதிகமாக ஒலித்தவர்களுள் ஒருவர். 1941-ல் அவரை நீக்கிவிட்டார்கள். நாட்டுப்புற இசையின் புகழ்க்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2005-ல்தான், அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கும் பிறகு. ஆப்ரியின் வரலாற்றைச் சொல்லும்போது இதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

1932-ல் டபிள்யூ.எஸ்.எம். 50,000 வாட் ஆற்றலைப் பெற்றது. மத்திய அலை இரவில் வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும் என்பதால், நாஷ்வில்லில் பாடப்பட்டது பல மாநிலங்களுக்கு அப்பாலும் கேட்டது. மின்கம்பி எட்டாத பண்ணை வீடுகளில் பேட்டரியில் இயங்கிய பெட்டிகள் இருந்தன. பேட்டரி தீர்ந்துவிடுமே என்று வாரம் முழுவதும் அதைச் சிக்கனமாகச் செலவழித்து, சனிக்கிழமை இரவுக்கென்று காத்த குடும்பங்கள் உண்டு. 1939 அக்டோபரில் பிரின்ஸ் ஆல்பர்ட் புகையிலையின் ஆதரவில் அரை மணி நேரப் பகுதி என்.பி.சி.யில் சேர்ந்தது, பாடகர் ராய் ஏகஃப் அதன் முகமானார். கலைஞர்களுக்கு ஆப்ரி கொடுத்த ஊதியம் சொற்பமே. ஆயினும் வாரம் முழுவதும் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்துவிட்டுச் சனிக்கிழமை மாலைக்குள் நாஷ்வில் திரும்பினார்கள். ஆப்ரி கலைஞர் என்ற பெயர் சுவரொட்டியில் இருந்தால்தான் அடுத்த ஊரில் கொட்டகை நிரம்பும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நகரத்து இளைஞர்களின் சனிக்கிழமையும் இசையால் ஆனதுதான்; இசை மட்டும் வேறு. 1934 டிசம்பர் 1 முதல் 1935 மே வரை என்.பி.சி.யில் 'லெட்ஸ் டான்ஸ்' என்ற நெடிய நடன இசை நிகழ்ச்சி வந்தது. ஒரு பிஸ்கட் நிறுவனம் பணம் கொடுக்க, மூன்று இசைக்குழுக்கள் மாறி மாறி வாசித்தன. அவற்றுள் ஒன்று பென்னி குட்மனுடையது. கிழக்குக் கரையில் பலர் உறங்கப்போன நேரத்தில் அவருடைய துள்ளலான ஜாஸ் ஒலித்தது; கடிகாரம் மூன்று மணி நேரம் பின்தங்கிய கலிபோர்னியாவிலோ அது மாலையின் நடுப்பொழுது. 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் பாலோமார் அரங்கில் அவர் வாசித்தபோது கூட்டம் ஆர்ப்பரித்ததற்கு இந்த நேர வேறுபாடே காரணம் என்று பலரும் விளக்குவதுண்டு. இசைத்தட்டுகளுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்றாலும், இந்த விளக்கத்தைத் தள்ளிவிட முடியாது. அதே 1935-ன் ஏப்ரல் 20 அன்று தொடங்கிய 'யுவர் ஹிட் பரேட்', அந்த வாரத்தின் புகழ்பெற்ற பாடல்களைத் தரவரிசைப்படி பாடிக்காட்டியது. லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் அதன் விளம்பரதாரர். முதலிடம் எந்தப் பாடலுக்கு என்பதைக் கடைசிவரை மறைத்துவைத்து நேயர்களைப் பெட்டியருகே உட்கார வைத்த உத்தியை இன்றைய தரவரிசை நிகழ்ச்சிகளும் கைவிடவில்லை. தரவரிசை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை மட்டும் அவர்கள் வெளியே சொல்லவேயில்லை.

சனிக்கிழமைப் பகல் ஆப்ராவுக்கு உரியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்ரா 1931-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் 'ஹான்சல் அண்ட் கிரெட்டல்' இசைநாடகத்தை முழுமையாக ஒலிபரப்பியது. அதன்பின் சனிக்கிழமைப் பிற்பகல் நிகழ்ச்சிகள் நாட்டின் வழக்கமாயின. அன்று தொடங்கி 1975-ல் இறக்கும்வரை மில்டன் கிராஸ் என்ற அறிவிப்பாளரே திரை விலகும்முன் கதையையும் மேடையையும் உடைகளையும் சொற்களால் வரைந்து காட்டினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்த நிறுவனம் தள்ளாடி, 1940-ல் அரங்கக் கட்டடத்தை விலைக்கு வாங்கப் பத்து லட்சம் டாலர் திரட்ட முனைந்தபோது, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வானொலி நேயர்களே சிறு சிறு தொகைகளாக அனுப்பினார்கள். ஆப்ரா அரங்கை வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் காணாதவர்கள் அவர்களுள் எத்தனையோ பேர். வானொலி மக்களுக்கு என்ன கொடுத்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் நினைப்பது இந்தச் செய்தியைத்தான். அந்த ஆண்டு டிசம்பர் 7 முதல் டெக்சகோ எண்ணெய் நிறுவனம் ஆதரவு தரத் தொடங்கி 2004 வரை தொடர்ந்தது. என்.பி.சி.யும் பின்தங்க விரும்பவில்லை. புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் டாஸ்கனினிக்கென்றே ஓர் இசைக்குழுவை உருவாக்கியது. 1937 டிசம்பர் 25, சனிக்கிழமை இரவு, அவர் அதை முதன்முறையாக நடத்தினார்.

சிறுவர்களுக்குச் சனிக்கிழமைக் காலையில் சி.பி.எஸ்.ஸின் 'லெட்ஸ் ப்ரிடெண்ட்' இருந்தது. நைலா மேக் என்ற பெண்மணி தேவதைக் கதைகளை நாடகமாக்கி, சிறுவர்களையே நடிக்கவைத்து நடத்திய நிகழ்ச்சி அது. 1934-ல் இந்தப் பெயரைப் பெற்று 1954 வரை வந்தது. இரவில், 1940 முதல் ரால்ஃப் எட்வர்ட்ஸ் நடத்திய 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' வினாடி வினாவின் செல்வாக்கை அறிய ஒன்று போதும்: அவர் விடுத்த அழைப்பை ஏற்று நியூ மெக்சிகோவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரம் 1950-ல் தன் பெயரையே அந்த நிகழ்ச்சியின் பெயராக மாற்றிக்கொண்டது. இன்றும் அந்த ஊருக்கு அதுதான் பெயர்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். காலை வழிபாட்டுக்கும் பக்திப் பாடலுக்கும் உரியது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து மார்மன் திருச்சபையின் சேர்ந்திசைக் குழு 1929 ஜூலையில் தொடங்கிய ஒலிபரப்பு இன்றும் நிற்கவில்லை. இவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 'விங்ஸ் ஓவர் ஜோர்டான்'. கிளீவ்லாந்து நகரத்துப் போதகர் கிளென் செட்டில் உருவாக்கிய கறுப்பினச் சேர்ந்திசைக் குழு, 1938 ஜனவரி முதல் சி.பி.எஸ். வழியாக நாடெங்கும் ஒலித்தது. அடிமைக்கால பக்திப் பாடல்களுக்கு இடையில் கறுப்பின அறிஞர்களும் தலைவர்களும் பேசினார்கள். வெள்ளையர் கறுப்பர் குரலில் நடித்துச் சிரிப்பு மூட்டுவது வழக்கமாயிருந்த வானொலியில், கறுப்பின மக்கள் தங்கள் குரலில் தங்கள் பேச்சைப் பேசிய அரிய நேரம் அது.

அதே ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலை மிச்சிகன் மாநிலத்தின் ராயல் ஓக் ஊரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் சார்லஸ் காக்லின் வேறு விதமாகப் பயன்படுத்தினார். 1926-ல் எளிய சமயப் பேச்சாளராகத் தொடங்கியவர், பெருமந்தக் காலத்தில் வங்கிகளையும் அரசையும் சாடி இலட்சக்கணக்கானோரைத் தன்பால் ஈர்த்தார். சி.பி.எஸ். 1931-ல் அவரை விலக்கியபோது, நேயர்கள் அனுப்பிய நன்கொடையைக் கொண்டு தனித்தனி நிலையங்களில் நேரம் வாங்கித் தமக்கென ஒரு வலையமைப்பையே அமைத்துக்கொண்டார். பின்னாளில் யூதர்கள் மீதான வெறுப்பை வெளிப்படையாகப் பேசினார். 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டபின் அவர் ஆற்றிய உரையைக் கேட்டுச் சில நிலையங்கள் அவருக்கு இடம் தர மறுத்தன. 1940-ல் அவருடைய ஒலிபரப்பு நின்றது. குடும்பம் முழுவதும் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருக்கும் நாளில் எந்தக் குரலும் வலிமை பெற்றுவிடும் என்பதை அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் அறிந்திருந்தார். வங்கிகள் மூடிக்கிடந்த நெருக்கடியில் அவர் மக்களிடம் முதல்முறையாக வானொலியில் உரையாடியது 1933 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு. மறுநாள் காலை வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது மக்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை சி.பி.எஸ். நாட்டுக்குக் கேட்கவைத்தது. 1943 நவம்பர் 14 அன்று நடத்துநர் புரூனோ வால்டர் உடல்நலமின்றிப் போக, இருபத்தைந்து வயதுத் துணை நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் ஒத்திகையின்றி மேடையேறினார். கார்னகி அரங்கில் இருந்தவர்கள் சில ஆயிரம் பேரே; ஒலிபரப்பு இருந்ததால் அந்தப் பிற்பகலிலேயே நாடு அவரை அறிந்தது. 1941 டிசம்பர் 7 அன்றும் மக்கள் இப்படித்தான் பெட்டியருகே இருந்தார்கள். முத்துத் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தி கிழக்குப் பகுதி நேரப்படி பிற்பகல் இரண்டரை மணியை ஒட்டி வந்தது; நியூயார்க்கில் அமெரிக்கக் கால்பந்தாட்ட வருணனை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வருணனையை இடைமறித்தே செய்தி சொல்லப்பட்டது.

மாலை சாயும் நேரத்தில் மியூச்சுவல் வலையமைப்பின் 'தி ஷேடோ' வரும். பிறர் கண்ணுக்குத் தெரியாமல் குற்றவாளிகளைத் துரத்தும் நாயகன், காட்சியே இல்லாத ஊடகத்துக்கென்று பிறந்தவன் போலிருந்தான். 1937 செப்டம்பரில் அந்த வேடத்தை ஏற்றபோது ஆர்சன் வெல்சுக்கு வயது இருபத்திரண்டு. கிழக்கு மாநிலங்களில் அதன் விளம்பரதாரர் நிலக்கரி விற்றவர். மற்றவர்களுடைய கரியிலிருந்து வேறுபடுத்திக்காட்டத் தன் கரிக்கு நீலச் சாயம் பூசி விற்றார்.

இரவு ஏழு மணி நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னிக்கு உரியது. 1932-ல் வானொலிக்கு வந்த அவர், 1934 முதல் ஜெல்லோ இனிப்பின் ஆதரவில் ஞாயிறு ஏழு மணியைத் தன்வசப்படுத்தினார். கஞ்சன், தற்பெருமைக்காரன், வயலினைச் சரியாக வாசிக்கத் தெரியாதவன், எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் முப்பத்தொன்பது வயதைத் தாண்டாதவன் என்று தனக்கொரு வேடத்தை அமைத்துக்கொண்டு, சிரிப்பு மூட்டும் வரிகளையெல்லாம் சக நடிகர்களுக்கே கொடுத்துவிட்டார். பிறர் தன்னைப் பார்த்துச் சிரிக்க இடம்கொடுத்த இந்தப் பெருந்தன்மைதான் அவருடைய நிகழ்ச்சியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கியது. 1937-ல் ஒரு ரயில் பணியாளராகச் சிறு வேடத்தில் வந்த எடி ஆண்டர்சன், பின்னர் ராச்செஸ்டர் என்ற வேலைக்காரர் பாத்திரமாக நிலைத்தார். கறுப்பினத்தவருக்கு வேலைக்காரர் வேடமே கிடைத்த காலம் அது என்பது உண்மை. அந்த எல்லைக்குள்ளேயே முதலாளியைச் சொல்லால் வெல்பவராக அவர் வளர்ந்ததும் உண்மை. பென்னியின் மௌனமும் ஒரு கலை. 1948 மார்ச் 28 ஒலிபரப்பில் ஒரு திருடன் 'பணமா, உயிரா?' என்று மிரட்ட, பென்னி வாய் திறக்கவில்லை. அரங்கு சிரித்துக்கொண்டே இருந்தது. திருடன் மீண்டும் அதட்டியபோது, 'யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்றார். வானொலியில் வெற்று அமைதியைச் சிரிப்பாக்க, நேயர்கள் பல ஆண்டுகளாக அந்த மனிதனைப் பழகியிருக்க வேண்டும்.

எட்டு மணிக்கு எட்கர் பெர்கன். அவர் வயிற்றுப்பேச்சுக் கலைஞர். சார்லி மெக்கார்த்தி என்ற மரப்பொம்மையோடு 1937 மே முதல் என்.பி.சி.யில் கோலோச்சினார். உதடு அசைகிறதா என்பதைக் காணவே முடியாத இடத்தில் அந்தக் கலை வென்றதற்குக் காரணம், நேயர்கள் சார்லியைப் பொம்மையாக அல்லாமல் துடுக்கான ஒரு பையனாகவே ஏற்றுக்கொண்டதுதான். 1938 அக்டோபர் 30 அன்று அவருக்கு எதிர் நேரத்தில், விளம்பரதாரர் யாருமில்லாத சி.பி.எஸ். நாடகம் ஒன்றில் ஆர்சன் வெல்ஸ் செவ்வாய்க்கிரகத்தார் நியூ ஜெர்சியில் இறங்குவதைச் செய்தி அறிக்கை பாணியில் வழங்கினார். நாடே அலறி ஓடியது என்ற கதை நாளிதழ்களால் பெரிதாக்கப்பட்டது. அன்றிரவு ஹூப்பர் நிறுவனம் தொலைபேசியில் கேட்ட வீடுகளில் நூற்றுக்கு இரண்டுதான் அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன. அச்சமுற்றவர்கள் இருந்தார்கள், அவர்களில் பலர் மற்ற நிலையத்திலிருந்து இடையில் மாறி வந்து, இது நாடகம் என்ற தொடக்க அறிவிப்பைத் தவறவிட்டவர்கள். அடுத்த சில வாரங்களிலேயே கேம்பெல் சூப் நிறுவனம் வெல்சுக்கு விளம்பரதாரரானது. ஒன்பது மணிக்கு நாளிதழ்ப் பத்தி எழுத்தாளர் வால்டர் வின்செல் தந்திக் கருவியின் ஓசை பின்னணியில் ஒலிக்க, மூச்சுவிடாமல் வதந்தியையும் அரசியலையும் கலந்து பொழிவார்.

இந்த ஞாயிறு மாலை கலைந்ததற்கு வருமான வரியும் ஒரு காரணம். சி.பி.எஸ்.ஸின் தலைவர் வில்லியம் பேலி, கலைஞர்கள் தங்கள் நிகழ்ச்சியை ஒரு நிறுவனமாக்கி விற்றால், எழுபது சதவீதத்துக்கும் மேற்பட்ட வருமான வரிக்குப் பதிலாக இருபத்தைந்து சதவீத மூலதன ஆதாய வரி செலுத்தினால் போதும் என்று காட்டினார். 1949 ஜனவரி 2 அன்று பென்னி அதே ஏழு மணிக்கு சி.பி.எஸ்.ஸில் பேசினார், நேயர்களும் கூடவே போய்விட்டார்கள். மறுபக்கம் ஏ.பி.சி. 1948 மார்ச்சில் ஞாயிறு எட்டு மணிக்கு 'ஸ்டாப் தி மியூசிக்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. வீட்டுக்குத் தொலைபேசி வரும். பாடலின் பெயரைச் சொன்னால் பரிசு. அந்த அழைப்பை எதிர்பார்த்தே மக்கள் அதே நேரத்தில் வேறு நிலையத்தில் வந்த ஃபிரெட் ஆலன் என்ற மிகக் கூர்மையான நகைச்சுவையாளரைக் கைவிட்டார்கள். தன் நிகழ்ச்சியைக் கேட்டதால் பரிசை இழப்பவருக்கு 5,000 டாலர் தருவதாக அவர் அறிவித்துப் பார்த்தார். பயனில்லை, 1949 ஜூனில் அவருடைய நிகழ்ச்சி முடிந்தது. என்.பி.சி. 1950 நவம்பரில் நடிகை டலூலா பாங்க்ஹெட் தலைமையில் ஒன்றரை மணி நேர 'பிக் ஷோ'வைப் பெரும்பொருட்செலவில் நடத்திப் பார்த்தது. அதுவும் 1952-ல் நின்றது. எட் சல்லிவன் 1948 ஜூன் முதல் ஞாயிறு இரவைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோயிருந்தார். சி.பி.எஸ். தன் கடைசி இரண்டு வானொலி நாடகத் தொடர்களை நிறுத்திய 1962 செப்டம்பர் 30-ஐப் பலர் அந்தக் காலத்தின் முடிவாகக் கொள்கிறார்கள். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இவற்றைக் கேட்டுப் பார்க்க விரும்பினால், 1930களின் முற்பகுதி ஒலிப்பதிவுகள் குறைவு என்பதை நினைவில் கொள்ளுங்கள். நேரடி ஒலிபரப்பே விதியாக இருந்ததால் பல நிகழ்ச்சிகள் பதிவாகவே இல்லை. 1940களின் பென்னி நிகழ்ச்சிகள் ஏராளமாக எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் கேட்டு முடிவுக்கு வராமல், தொடர்ச்சியாக ஐந்தாறு வாரங்களின் நிகழ்ச்சிகளை வரிசைப்படி கேளுங்கள். பாத்திரங்கள் பழகிய பிறகே அந்த நகைச்சுவை திறக்கும். அதன்பின் 1938-ன் வெல்ஸ் நாடகத்தைத் தொடக்க அறிவிப்புடன் சேர்த்து முழுவதும் கேளுங்கள். ஆப்ரியின் 1940களைக் கேட்கும்போது பாடல்களோடு நிறுத்திவிடாமல், இடையில் வரும் புகையிலை விளம்பரத்தையும் அரங்கத்துக் கூச்சலையும் தவிர்க்காமல் கேளுங்கள்.